இணையத்தை மறிக்கும்போது எந்தத் தூதரகக் கதவைத் தட்டுவது?

முதல் வேலை, எண்பது பக்க சி.ஆர். கொப்பி ஒன்று வாங்குவது. சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

நான் மட்டக்களப்பில் ஒரு சின்ன அமைப்பில் வேலை செய்கிறேன். மூன்று பேர், இரண்டு கணினி, ஒரு மின்விசிறி. பதினொரு வருடமாக மனித உரிமை ஆவணங்கள் எழுதுவதுதான் தொழில். எங்கள் பக்கத்தில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவை கூடும் ‘ஜெனீவா’ என்றால் மார்ச் மாதப் பத்திரிகைத் தலைப்பு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காணாமல் ஆக்கப்பட்டோர், தீர்மானம், கால அவகாசம். ஆனால் அரசு வட்ஸ்அப்பை மறித்தாலும் அதே ஜெனீவாவுக்கு ஒரு வழி இருக்கிறது என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் 2019 வரை தெரியாது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை ஒன்பது மணி தாண்டி சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அன்று பின்னேரம் போதனா வைத்தியசாலை வாசலில் என் பக்கத்தில் ஒரு அக்கா நின்றார். உள்ளே நின்ற தாதி ஒருவர், “பிள்ளையின்ர படத்தை அனுப்புங்கோ, வாட்டுகளில பாக்கிறன்” என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். அக்கா படத்தை அனுப்பினார். ஒற்றைச் சரிக் குறிகூட விழவில்லை, சின்ன மணிக்கூட்டுப் படம் மட்டும் அப்படியே நின்றது. பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் மறித்துவிட்டார்கள். ஏப்ரல் 30 வரை அது நீடித்தது. வதந்தி பரவாமல் இருக்க என்றார்கள். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சில மாதம் கழித்துக் கொழும்பில் ஒரு சந்திப்பு. ஒரு ஐரோப்பியத் தூதரகத்திலிருந்து வந்தவர் என்னிடம் கேட்டார்: மறிப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது? எந்தெந்த நெட்வொர்க்கில்? உத்தரவு எழுத்தில் இருந்ததா? அதனால் யாருக்கு என்ன நடந்தது? நான் அந்த அக்காவின் கதையைச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் பேனையை மூடி வைத்தார். கதை என்னிடம் இருந்தது, நேரமும் திகதியும் இருக்கவில்லை. இரவு பஸ்ஸில் திரும்பும்போதுதான் கொப்பி யோசனை வந்தது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள விஷயம் ஒன்றுதான். எந்த வெளிநாட்டு அரசும் எங்கள் இணையத்துக்காக இரவு விழித்திருப்பதில்லை. ஒரு தூதர் ஜெனீவாவில் எழுந்து இணையச் சுதந்திரம் பற்றிப் பேசினால், அந்த வசனத்தை யாரோ அவர் கையில் கொடுத்திருப்பார்கள். அந்த யாரோ நீங்களாக இருக்க வேண்டும்.

யார் இந்த அரசுகள்?

2011 டிசம்பரில் நெதர்லாந்து அரசு ஹேக் நகரத்தில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. அங்கேதான் ஃப்ரீடம் ஒன்லைன் கொயலிஷன் என்ற கூட்டணி பிறந்தது. தமிழில் இணையச் சுதந்திரக் கூட்டணி என்று வைத்துக்கொள்ளலாம். இன்று நாற்பது நாடுகளுக்குக் கிட்ட அதில் இருக்கின்றன. பிரித்தானியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான் என்று எதிர்பார்க்கும் பெயர்களோடு மாலைதீவு, மங்கோலியா, கானா, கென்யா என்று எதிர்பாராத பெயர்களும் உண்டு. இலங்கை இல்லை. இந்தியாவும் இல்லை. தலைமை சுழற்சியில் மாறும்: 2022இல் கனடா, 2023இல் அமெரிக்கா, 2024இல் நெதர்லாந்து, 2025இல் எஸ்தோனியா.

இவர்களிடம் படையோ நீதிமன்றமோ இல்லை. கூட்டறிக்கை விடுவார்கள். ஜெனீவா, நியூயோர்க் போன்ற இடங்களில் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு தீர்மானங்களில் ஒரே பக்கம் நிற்கப் பார்ப்பார்கள். அரசுகளே வலையமைப்பைத் துண்டிப்பதைப் பற்றி 2017 மார்ச்சில் ஒரு கூட்டறிக்கை வந்தது. 2022இல் ஈரானில் இணையத்தை வெட்டியபோது இன்னொன்று. ஆபத்தில் இருக்கும் செயற்பாட்டாளர்களுக்கு உதவ டிஜிட்டல் டிஃபெண்டர்ஸ் பார்ட்னர்ஷிப் என்ற நிதித் திட்டத்தை 2012இல் தொடக்கி வைத்ததும் இந்த நாடுகளில் சிலதான்.

இவர்களைப் பெரிய புனிதர்கள் என்று நினைத்துக்கொண்டு போக வேண்டாம். கென்யா உறுப்பு நாடு, ஆனால் 2024 ஜூன் 25, நிதிச் சட்டமூலத்துக்கு எதிராக நைரோபியில் இளைஞர்கள் தெருவில் இறங்கிய அன்று, அங்கே இணையம் தடுமாறியது. அமெரிக்கா ஆரம்பத்திலிருந்தே முன்வரிசையில் நின்ற நாடு. 2026 ஜனவரியில் அது விலகுவதாக அறிவித்த 66 அமைப்புகளின் பட்டியலில் இந்தக் கூட்டணியின் பெயரும் இருந்தது. ஆசிய-பசிபிக் நாடுகளின் அபிவிருத்திக் கூட்டமைப்பான கொழும்புத் திட்டத்தின் பெயரும் அதே பட்டியலில்தான். ஒரு தூதரகத்தை மட்டும் நம்பி இருந்தவர்களின் முகத்தை நான் பார்த்தேன். அதனால் குறைந்தது நான்கு கதவு.

கூட்டணியைவிட எனக்கு அதிகம் உதவுவது ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் தீர்மானங்கள். 2012 ஜூலை 5ஆம் திகதி, 20/8 இலக்கத் தீர்மானம். சுவீடன் முன்னின்றது, கூடவே பிரேசில், நைஜீரியா, துனிசியா, துருக்கி, அமெரிக்கா. இணையத்துக்கு வெளியே மனிதருக்கு என்ன உரிமையோ அதே உரிமை இணையத்திலும் காக்கப்பட வேண்டும் என்ற ஒற்றை வரிதான் அதன் உயிர். வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது, சீனாவும் தடுக்கவில்லை. நான்கு வருடம் கழித்து, 2016இல், 32/13 வந்தபோது நிலைமை வேறு. வேண்டுமென்றே இணையத்தை மறிப்பதைக் கண்டிக்கும் வரி அதில் இருந்தது. ரஷ்யாவும் சீனாவும் திருத்தங்கள் கொண்டுவந்து அதன் பல்லைப் பிடுங்கப் பார்த்தன. இந்தியாவும் தென்னாபிரிக்காவும் அந்தத் திருத்தங்களுக்கு ஆதரவு. திருத்தங்கள் தோற்றன, வரி பிழைத்தது. 2021இல் 47/16 அதையே இன்னும் விரித்துச் சொன்னது.

32/13 என்ற இலக்கத்தை மனப்பாடம் செய்யுங்கள். இராஜதந்திரிகள் புதுச் சொல்லைக் கண்டால் பயப்படுவார்கள், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சொல் என்றால் தைரியமாகத் திருப்பிச் சொல்வார்கள்.

“வெளிநாட்டுக்காரனிட்ட போய்க் கோள் சொல்லுறீங்களோ?” என்று யாராவது கேட்பார்கள். என்னைக் கேட்டிருக்கிறார்கள். என் சொந்த மாமாவே கேட்டார். ஐ.நா.வின் குடியியல் அரசியல் உரிமைகள் ஒப்பந்தத்தில் இலங்கை 1980 ஜூனிலேயே தானாகச் சேர்ந்தது. அதன் 19ஆம் உறுப்புரை கருத்துச் சுதந்திரம். எங்கள் அரசு போட்ட கையெழுத்தைத்தான் நாங்கள் ஞாபகப்படுத்துகிறோம். மாமா இன்னும் சமாதானமாகவில்லை, அது வேறு கதை.

கொப்பியில் என்ன எழுதுவது

பக்கத்தை ஐந்து நிரலாகப் பிரியுங்கள். திகதியும் நேரமும், எந்தச் செயலி, எந்த நெட்வொர்க், எந்த இடம், அதனால் என்ன நடந்தது. கடைசி நிரல்தான் அகலமாக இருக்க வேண்டும். “டயலொக்கில் பேஸ்புக் இல்லை, மொபிட்டெல்லில் இருக்கிறது” என்ற ஒரு வரிகூடப் பெறுமதி. “மீன் வியாபாரி, வழமையாக வட்ஸ்அப் குழுவில் விலை போடுவார், இன்று 40 கிலோ பாரை விற்கவில்லை” என்பது அதைவிடப் பெறுமதி. இராஜதந்திரிக்கு ‘கருத்துச் சுதந்திரம் பாதிக்கப்பட்டது’ என்பது ஆயிரம் முறை கேட்ட பாட்டு. விற்காத பாரை மீன் அவருக்குப் புதிது.

ஆளின் பெயரை எழுத வேண்டாம். ‘பெண், 34, ஏறாவூர், தையல்’ என்று போதும். பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் வேறு தாளில், வேறு வீட்டில்.

கொப்பி மனித சாட்சி. கூடவே இயந்திர சாட்சியும் வேண்டும். ஊனி ப்ரோப் என்ற இலவசச் செயலி இருக்கிறது. கைத்தொலைபேசியில் போட்டு ஓட்டினால் எந்தத் தளம், எந்தச் செயலி மறிக்கப்படுகிறது என்று அளந்து, முடிவை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடும். தூதரகங்களில் இதை நம்புவார்கள். இணையத் தடைகளைக் கண்காணிக்கும் நெட்பிளொக்ஸ் அமைப்பு வெளியிடும் வரைபடங்களையும் நம்புவார்கள். ஆனால் இரண்டு எச்சரிக்கை. முதலாவது, முடிவு பகிரங்கமாகப் போகிறது, எந்த நெட்வொர்க்கிலிருந்து என்பதும் தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கும் நாட்டில் யார் ஓட்டுவது என்பதை யோசித்து முடிவெடுங்கள். எங்கள் அமைப்பில் அது நான் மட்டும்தான்.

இரண்டாவது, நேரம். அந்தத் தரவுகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும், எங்கள் நேரம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால். நான் ஒருமுறை இதை மாற்ற மறந்து அட்டவணை தயாரித்தேன். கலவரம் தொடங்குவதற்கு முன்பே அரசு இணையத்தை மறித்துவிட்டதாக என் தாள் சொன்னது. பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து ஒரு இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. விடிய, எங்கள் கணக்காளர் தங்கச்சிதான் பார்த்துவிட்டு, “அக்கா, இது லண்டன் நேரமோ?” என்று கேட்டாள். அந்தத் தாள் வெளியே போயிருந்தால் அதற்குப் பிறகு நாங்கள் கொண்டுபோகும் எந்தத் தாளையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மறிப்பு எடுபட்ட பிறகு செய்ய வேண்டியது தகவல் அறியும் உரிமை விண்ணப்பம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். தமிழிலேயே எழுதலாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு ஒன்று, பாதுகாப்பு அமைச்சுக்கு ஒன்று: யார் கேட்டார்கள், எந்தச் சட்டப் பிரிவின் கீழ், எந்த நேரத்தில் உத்தரவு, அதன் பிரதி. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேசியப் பாதுகாப்பு என்று மறுக்கலாம். மறுத்த கடிதத்தைக் கிழிக்காதீர்கள், அது உங்கள் கோப்பில் மிக நல்ல தாள்களில் ஒன்று. ‘உத்தரவு எங்கே என்று கேட்டோம், சொல்ல மறுத்தார்கள்’ என்பதை ஒரு தூதர் அப்படியே எடுத்துப் பேசலாம்.

2022 ஏப்ரல் 3 ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரடங்கு, மின்வெட்டு, எரிபொருள் இல்லை. விடியும் முன்பே சமூக ஊடகங்களை மறித்தார்கள், பின்னேரத்துக்குள் திறந்துவிட்டார்கள். பாதுகாப்பு அமைச்சு கேட்டதால் செய்தோம் என்று காரணம் சொல்லப்பட்டது. அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, இப்படி மறிப்பதை ஏற்க மாட்டேன், நானும் மறிப்பைத் தாண்ட உதவும் வி.பி.என். போட்டுத்தான் எழுதுகிறேன், இதில் பயனே இல்லை என்று ட்விட்டரில் எழுதினார். எங்கள் கோப்பில் அதற்குத் தனி உறை இருக்கிறது. அமைச்சரே பயனில்லை என்று சொன்ன மறிப்பை எந்த அதிகாரி எந்தத் தூதரிடம் நியாயப்படுத்துவார்?

அந்த ஒரு வசனம்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நான் ஒரு வசனத்துக்கு மூன்று நாள் இருந்திருக்கிறேன்.

பேரவையில் ‘பூகோள காலாந்தர மீளாய்வு’ என்று ஒன்று உண்டு. நாங்கள் யூ.பி.ஆர். என்றுதான் சொல்வோம். ஐ.நா.வின் 193 நாடுகளும் ஏறத்தாழ நான்கரை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மற்ற நாடுகளின் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அமர்வு மூன்றரை மணித்தியாலம். அதில் 70 நிமிடம் மீளாய்வுக்கு உட்படும் நாட்டுக்கு, 140 நிமிடம் கேட்கும் நாடுகளுக்கு. நூறு நாடுகள் பேசப் பெயர் கொடுத்தால் ஒரு நாட்டுக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அதற்குள் வணக்கம் சொல்லி, பாராட்டி, சித்திரவதை, மரண தண்டனை, பெண்கள், சிறுவர்கள் என்று எல்லாம் சொல்ல வேண்டும். உங்கள் விஷயத்துக்குக் கிடைப்பது ஒரு வசனம், நல்ல நாளில்.

அதனால் “இலங்கையில் இணையச் சுதந்திரத்தை உறுதிப்படுத்த வேண்டும்” என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அரசு உடனே “ஏற்றுக்கொள்கிறோம்” என்று சொல்லும். ஏன் சொல்லாது? அதில் செய்ய வேண்டியது எதுவும் இல்லையே. நான் இப்போது எழுதுவது இப்படி: “சமூக ஊடகங்களையோ இணையத்தையோ கட்டுப்படுத்தும் ஒவ்வோர் உத்தரவையும் காரணத்துடனும் கால எல்லையுடனும் பிறப்பித்த அன்றே வெளியிடுவதற்குத் தொலைத்தொடர்புகள் சட்டத்தைத் திருத்துக.” ஒரு வினை, ஒரு சட்டம், அளக்கக்கூடிய ஒரு காரியம். அடுத்த மீளாய்வில் செய்தீர்களா இல்லையா என்று கேட்கலாம்.

இந்த வசனம் வானத்திலிருந்து விழவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10ஆம் திகதி அனுராதா பாசின் வழக்கில், இணைய முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றும் காலவரையின்றி முடக்கக் கூடாது என்றும் சொன்னது. காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் தொடங்கிய முடக்கத்திலிருந்து வந்த வழக்கு அது. பக்கத்து நாட்டு நீதிமன்றம் சொன்னதையே கேட்கிறோம் என்றால் ‘மேற்கத்தைய சதி’ என்ற வார்த்தை கொஞ்சம் மெலிந்துபோகும்.

அரசின் பதிலில் இரண்டு சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று ‘ஏற்றுக்கொள்கிறோம்’. மற்றது ‘கவனத்தில் எடுக்கிறோம்’. இரண்டாவது, கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் “பாப்பம்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவது போல.

கதவைத் தட்டும் முறை

ஜெனீவாவில் பேசப்படும் வசனங்களில் நல்ல பங்கு தலைநகரங்களில்தான் எழுதப்படுகிறது. கொழும்பிலுள்ள தூதரகம் குறிப்பு எழுதி அனுப்பும், வெளியுறவு அமைச்சு பார்க்கும், ஜெனீவாவிலுள்ள அவர்களின் தூதுக்குழு அதைச் சுருக்கி வாசிக்கும். ஆகவே விமான டிக்கெட்டுக்குப் பணம் தேடும் முன் இரவு பஸ்ஸுக்குப் பணம் தேடுங்கள். மீளாய்வுக்கு நான்கு, ஐந்து மாதம் முன்பே கொழும்பில் சந்திப்புக் கேட்க வேண்டும். ஒரு மாதம் முன்னால் போனால் அவர்களின் வசனம் ஏற்கெனவே மேலிடத்தில் இருக்கும்.

யாரைச் சந்திப்பது? எல்லோரும் தூதுவரைக் கேட்பார்கள். தூதுவர் படம் எடுப்பார். நீங்கள் கேட்க வேண்டியது அரசியல் பிரிவில் மனித உரிமை பார்ப்பவரை. பெரும்பாலும் அவருக்குக் கீழே உள்ளூர் அலுவலர் ஒருவர் இருப்பார், எங்கள் நாட்டவர். வெள்ளைக்காரர் மூன்று வருடத்தில் மாறிப் போவார், இவர் பதினைந்து வருடமாக இருப்பார். குறிப்பை முதலில் எழுதுவதும் அவர்தான். அவரை மதியுங்கள். ‘மேலே யாரையாவது பார்க்கலாமா’ என்று அவர் முன்னாலேயே கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு இரண்டாவது சந்திப்புக் கிடைக்கவில்லை.

அடையாள அட்டை கட்டாயம். கைத்தொலைபேசியை வாசலில் வாங்கி வைப்பார்கள், ஆகவே எல்லாவற்றையும் அச்சடித்துக் கொண்டுபோங்கள். ஒரு தாள், இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மேலே உங்கள் வசனம். நடுவில் கொப்பியிலிருந்து மூன்று வரி. கீழே 32/13, 19ஆம் உறுப்புரை, தகவல் உரிமை மறுப்புக் கடிதத்தின் திகதி. நான் முதல்முறை 46 பக்க அறிக்கையைக் குடுத்தேன். அடுத்த தடவை போனபோது அது அதே மேசையில், அதே இடத்தில், கோப்பை வைக்கும் தட்டாக இருந்தது.

எந்த நாட்டிடம் எதைக் கேட்பது என்பது தனிக் கலை. இலங்கை பற்றிய தீர்மானங்களை முன்னெடுக்கும் நாடுகளிடம், பிரித்தானியா, கனடா போன்றவற்றிடம், இணைய விஷயத்தையும் கொடுத்தால் அது போர்க்குற்றப் பேச்சோடு கலந்து அரசியலாகிவிடும். கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அங்கே மட்டும் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். ஜப்பான், தென் கொரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து போன்றவர்கள் இதைச் சட்ட நுட்ப விஷயமாகப் பேசுவார்கள், அரசும் காது கொடுக்கும். மாலைதீவு கூட்டணியில் இருந்தாலும் இலங்கையைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்கும் என்று எதிர்பார்ப்பது வீண். மங்கோலியாவும் கானாவும் நல்ல தெரிவு, கொழும்பில் கதவு தேடுவதுதான் கஷ்டம். ஜெனீவாவில் பிடிக்க வேண்டும். நோர்வே என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழைய பாசம் உண்டு. ஆனால் அவர்கள் 2023இல் கொழும்புத் தூதரகத்தை மூடிவிட்டார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கும் இதே வழிதான். தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், 2018 மே 23ஆம் திகதி, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். இந்தியாவின் கடைசி மீளாய்வு 2022 நவம்பர் 10. அன்று, சமூக வலைத்தளங்களைத் திறந்து வைக்க வேண்டும், இணையத்தை மெதுவாக்கவோ மறிக்கவோ கூடாது என்று சுவிட்சர்லாந்து எழுந்து கேட்டது. சுவிட்சர்லாந்துக்கு ஏன் அந்தக் கரிசனை என்று வியக்க வேண்டாம், யாரோ தாள் கொடுத்திருப்பார்கள்.

எழுத்தில் அனுப்புவது

தூதரகச் சந்திப்பு ஒரு பக்கம் இருக்க, ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்கு எழுத்துச் சமர்ப்பணமும் அனுப்ப வேண்டும். தனி அமைப்பு என்றால் 2,815 சொல், பல அமைப்புகள் சேர்ந்தால் 5,630 சொல். ஒரு சொல் கூடினாலும் வாங்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். தமிழில் ஏற்க மாட்டார்கள், ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்ற ஐ.நா. மொழியில்தான். மொழிபெயர்ப்பை மருமகனிடம் இலவசமாகக் கேட்காமல் தெரிந்த ஒருவருக்குக் காசு கொடுத்துச் செய்யுங்கள். சேர்ந்து அனுப்புவது எப்போதும் நல்லது. யாழ்ப்பாணம், புத்தளம், கொழும்பு அமைப்புகள் கூட இருந்தால் ‘கிழக்கின் பிரச்சினை’ என்று ஒதுக்க முடியாது. சிங்கள, முஸ்லிம் அமைப்புகளைத் தேடிப் போங்கள். 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த திகனக் கலவரத்தின்போது ஒரு கிழமைக்கும் மேல் பேஸ்புக்கை மறித்ததில் அடிபட்டது எல்லோரும்தான்.

நீங்கள் அனுப்பியது அப்படியே இணையத்தில் போடப்படும். அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் பொலிஸ்காரர் வாசிப்பதாக நினைத்து வாசியுங்கள்.

இலங்கையின் கடைசி மீளாய்வு 2023 பெப்ரவரி 1. அடுத்ததன் சமர்ப்பணத் திகதி ஐ.நா. அட்டவணையில் வரும், ஆறு ஏழு மாதம் முன்பாகவே மூடிவிடுவார்கள். சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

நான்கரை வருடம் காத்திருக்க முடியாதபோது

கருத்துச் சுதந்திரத்துக்கான ஐ.நா. விசேட அறிக்கையாளர் என்று ஒருவர் இருக்கிறார். 2020 ஆகஸ்டில் இந்தப் பொறுப்புக்கு வந்தவர் ஐரீன் கான், வங்காளதேசத்தவர். யாரும் அவருக்கு முறைப்பாடு அனுப்பலாம், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் மட்டும் வேண்டும். அவர் அரசுக்குக் கடிதம் எழுதினால், வழமையாக 60 நாளுக்குப் பிறகு கடிதமும் அரசின் பதிலும் பகிரங்கமாகும். பதில் வராவிட்டால் அந்த வெறுமையும் பகிரங்கமாகும். தூதரகங்கள் அந்தக் கடிதங்களை வாசிக்கின்றன. ஆகவே இதை முடித்துவிட்டுத் தூதரகத்துக்குப் போனால் உங்கள் தாளில் இன்னொரு வரி கூடும்.

பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ். தைத்த உடுப்புகளை வரியில்லாமல் விற்கக் கிடைக்கும் சலுகை. 2010இல் பறிபோய் 2017இல் திரும்பக் கிடைத்தது. 27 சர்வதேச ஒப்பந்தங்களை மதிப்பது நிபந்தனை, அதில் இலங்கை 1980இல் சேர்ந்த அந்த ஒப்பந்தமும் உண்டு. கண்காணிப்புக் குழு வரும்போது சிவில் சமூகத்தையும் சந்திக்கும். நிதியமைச்சு காது கொடுக்கும் ஒரே மனித உரிமைப் பேச்சு இதுதான் என்பது என் அனுபவம். ஆனால் சலுகையை எடுத்துவிடுங்கள் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். கட்டுநாயக்கவில் தைக்கும் பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். நிபந்தனையை ஞாபகப்படுத்துங்கள், அதோடு நிறுத்துங்கள்.

தோற்பதற்கும் தயாராக இருங்கள். இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 செப்டெம்பரில் வந்தது. நாங்கள் தாள் கொண்டுபோனோம். மற்றவர்களும் போனார்கள். ஐ.நா. அலுவலகம் கவலை தெரிவித்தது, தூதுவர்கள் கவலை தெரிவித்தார்கள், பலர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 வாக்குகளால் நிறைவேறியது. பெப்ரவரி 1இல் சபாநாயகர் கையெழுத்து. அன்று எங்கள் அலுவலகத்தில் யாரும் பேசவில்லை. கணக்காளர் தங்கச்சி தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தாள். இரண்டு நாள் கழித்து, சட்டத்தின் எந்தப் பிரிவை அடுத்த வசனமாக்குவது என்று தாளை எடுத்தோம். சட்டம் வந்த பிறகு கேட்பது வராமல் தடுப்பதைவிடக் கஷ்டம்தான், ஆனால் கேட்பதற்கு இப்போது பிரிவு இலக்கங்கள் இருக்கின்றன.

மறித்த இரவில்

ஓடித் திரிய வேண்டாம். முதலில் கொப்பியில் நேரம். பிறகு வேறு நெட்வொர்க்கில் இருக்கும் இரண்டு பேருக்குச் சாதாரண அழைப்பு: உங்களுக்கு வேலை செய்கிறதா? அளவீட்டுச் செயலியை ஓட்டுபவர் ஓட்டட்டும். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு, ஏனென்றால் உள்நாட்டில் என்ன செய்தீர்கள் என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். கீப் இட் ஒன் என்ற உலகக் கூட்டமைப்புக்கு ஒரு மின்னஞ்சல். 2016இலிருந்து அவர்கள் இதை மட்டுமே எண்ணுகிறார்கள், 2024இல் 54 நாடுகளில் 296 முடக்கம் எண்ணினார்கள். நான்கு தூதரகங்களுக்கும் நான்கு வரியில் குறுஞ்செய்தி. வட்ஸ்அப் இருக்காது, எஸ்.எம்.எஸ். இலக்கம் முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். அந்த இலக்கங்களைத் தொலைபேசியில் மட்டும் வைக்காமல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள், மின்வெட்டும் கூடவே வரும்.

எங்கள் கொப்பி அலுமாரியில் இல்லை. வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, பேனையை நூலில் கட்டியிருக்கிறோம். யாரோ அடிக்கடி பேனையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், நூல் அதற்காகத்தான்.